கெய்ரோவின் பாப் ஸுவைலா வாயில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாப் ஸுவைலா எங்கே இருக்கிறது? எவ்வளவு பழமையானது?

எகிப்தின் தலைநகரான கெய்ரோவின் பழைய நகரை வடக்கிலிருந்து தெற்காக ஊடுருவிச் செல்லும் முஇஸ் தெருவின் தென்கோடியில் இந்த வாயில் நிற்கிறது. அதே தெருவின் வடகோடியில் பாப் அல்-ஃபுதூஹ் என்ற வாயிலும், அதற்குச் சற்றுக் கிழக்கே பாப் அல்-நஸ்ர் என்ற வாயிலும் உள்ளன. ஷீஆ அரசமரபினரான ஃபாத்திமி கலீஃபாக்களின் ஆட்சிக்காலத்து மதில்வாயில்களில் இன்றும் முழு உருவத்தோடு நிற்பவை இந்த மூன்றும்தான். வடக்கு வாயில்கள் இரண்டும் 1087-இல் எழுந்தன. தெற்கு வாயிலான பாப் ஸுவைலா 1092-இல், அதாவது ஹிஜ்ரி 485-இல் கட்டப்பட்டது. அந்தக் கணக்குப்படி இதற்கு வயது 900 ஆண்டுகளுக்கு மேல்.

ஸுவைலா என்ற பெயர் எப்படி வந்தது?

969-இல் ஃபாத்திமி படைத்தளபதி ஜவ்ஹர், கலீஃபா அல்-முஇஸுக்காக இந்த நகரை நிறுவியபோது, அவரோடு வட ஆப்பிரிக்காவிலிருந்து வந்த பெர்பர் படைப்பிரிவுகளுக்கு நகரின் உள்ளே தனித்தனிப் பகுதிகள் ஒதுக்கப்பட்டன. ஸுவைலா பிரிவினர் தங்கிய பகுதிக்கு அருகில் இருந்த வாயில் அவர்கள் பெயரைப் பெற்றது.

இப்போது இருக்கும் வாயிலே முதலில் கட்டப்பட்டதா?

இல்லை. ஜவ்ஹர் எழுப்பிய மதில் பச்சைச் செங்கல்லால் ஆனது. அதன் தெற்கு வாயில் இப்போதைய இடத்துக்குச் சற்று வடக்கே, அடுத்தடுத்து அமைந்த இரண்டு வளைவுகளாக இருந்தது. அதைப் பற்றி, பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவின் ஒவ்வொரு தெருவையும் பதிவு செய்த வரலாற்றாசிரியர் அல்-மக்ரீஸீ ஒரு செய்தி தருகிறார். கலீஃபா அல்-முஇஸ் முதன்முதலாகத் தம் புதிய நகருக்கு வந்தபோது இரண்டில் ஒரு வளைவின் வழியாக நுழைந்தாராம். அதை நற்சகுனமாகக் கருதிய மக்கள் அந்த வளைவையே பயன்படுத்தத் தொடங்கினர். மற்ற வளைவு ஆளில்லாமல் போய், அதன் வழியே செல்பவரின் காரியம் கைகூடாது என்ற பேச்சும் பரவியது. இந்த வாயிலைச் சுற்றி நம்பிக்கைகள் திரண்ட வரலாறு, இப்போதைய கற்கள் அடுக்கப்படுவதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

நகரின் மதிலை மீண்டும் கட்டவேண்டிய தேவை ஏன் ஏற்பட்டது?

இதற்கு விடை காண, பதினோராம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எகிப்து பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். கலீஃபா அல்-முஸ்தன்ஸிரின் காலத்தில், 1065 முதல் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள், நைல் நதியின் வெள்ளம் பொய்த்துக் கொடும் பஞ்சம் நிலவியது. அதே வேளையில் துருக்கியப் படைகளும் சூடானியப் படைகளும் ஒன்றோடொன்று மோதின. கலீஃபாவின் கருவூலமும் அரண்மனையும் நூலகமும் சூறையாடப்பட்டன. வேறு வழியில்லாத நிலையில் கலீஃபா, அக்கா துறைமுகத்தின் ஆளுநராக இருந்த பத்ர் அல்-ஜமாலிக்கு இரகசியமாக அழைப்பு அனுப்பினார். ஆர்மீனியராகப் பிறந்து, அடிமையாக விற்கப்பட்டு, படைத்தலைவராக உயர்ந்தவர் பத்ர். கடற்பயணத்துக்கு உகாத குளிர்காலம் என்றும் பாராமல் 1073–74-இல் தம் ஆர்மீனியப் படையோடு எகிப்துக்கு வந்திறங்கி, கலகம் செய்த தளபதிகளை ஒழித்துக்கட்டி, வஸீர் (முதலமைச்சர்) பதவியையும் படைத்தலைமையையும் தம் கையில் எடுத்துக்கொண்டார்.

உள்நாட்டுக் கலகம் ஓய்ந்ததும் வெளியிலிருந்து ஆபத்து வந்தது. சிரியாவைக் கைப்பற்றியிருந்த துருக்மேனியத் தளபதி அத்ஸிஸ் 1077-இல் கெய்ரோவை நெருங்கும் அளவுக்குப் படையெடுத்து வந்தார். பத்ர் அவரைத் தோற்கடித்துத் துரத்தினாலும், ஜவ்ஹரின் பழைய செங்கல் மதிலை நம்பி இனி நகரை வைத்திருக்க முடியாது என்பது தெளிவாகிவிட்டது. நகரமும் பழைய எல்லையைத் தாண்டி வளர்ந்திருந்தது. கலீஃபா அல்-ஹாகிமின் பெரிய பள்ளிவாசலே மதிலுக்கு வெளியேதான் இருந்தது. புதிய மதில் வடக்கிலும் தெற்கிலும் தள்ளிக் கட்டப்பட்டது. அப்படித் தெற்கே தள்ளி அமைந்த வாயில்தான் இன்று நாம் காணும் பாப் ஸுவைலா.

கட்டியவர்கள் யார்?

அர்-ருஹா என்று அரபியர் அழைத்த எடெஸ்ஸா நகரிலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் ஆளுக்கொரு வாயிலாக மூன்றையும் கட்டினார்கள் என்று மக்ரீஸீ எழுதுகிறார். பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை என்றாலும் கட்டடம் இந்தச் செய்தியோடு பொருந்திப் போகிறது. அதுவரை எகிப்தின் இஸ்லாமியக் கட்டடங்களில் செங்கல்லும் சுண்ணச் சாந்துமே மேலோங்கியிருந்தன. ஒன்பதாம் நூற்றாண்டின் இப்னு தூலூன் பள்ளிவாசல் அதற்குச் சிறந்த சான்று. இந்த வாயில்களிலோ, அளந்து செதுக்கிய கல்லும், கல்லாலேயே வளைத்த கூரையும், சாந்து தெரியாத அளவுக்கு நெருங்கிய இணைப்புகளும் முழுமையடைந்த வடிவில் திடீரெனத் தோன்றுகின்றன. வட சிரியாவிலும் ஆர்மீனியாவிலும் பல தலைமுறைகளாகக் கல்லில் பழகிய கைகள் இல்லாமல் இது நடந்திருக்க வாய்ப்பில்லை. கெய்ரோவுக்குப் பிற்காலத்தில் புகழ் சேர்த்த கல்வேலை மரபுக்கு இந்த மூன்று வாயில்களே முதற்பள்ளி என்பது என் உறுதியான கருத்து.

வாயிலின் கட்டட அமைப்பை விரிவாகச் சொல்ல முடியுமா?

முழுக் கட்டடமும் ஏறத்தாழ 25 மீட்டர் அகலமும் அதே அளவு ஆழமும் கொண்ட ஒரே கல்திரள். தெற்கே, அதாவது நகருக்கு வெளிப்புறமாக, முன்பக்கம் அரைவட்டமாக உருண்ட இரண்டு கோபுரங்கள் துருத்தி நிற்கின்றன. அவற்றின் கீழ்ப்பகுதி, உயரத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு வரை, உள்ளே அறை எதுவும் இல்லாமல் கெட்டியாக நிரப்பப்பட்டது. மதிலை இடிக்கும் பொறியைக் கொண்டு மோதினாலும், அடியில் தோண்டினாலும், எளிதில் சரியாதிருக்கவே இந்த ஏற்பாடு. வீரர்கள் நின்று அம்பெய்யும் அறைகள் மேல்பகுதியில்தான் உள்ளன. முகப்பு உருண்டிருப்பதற்கும் காரணம் உண்டு. சதுரக் கோபுரத்தின் மூலைக்கற்களைப் பெயர்ப்பது எதிரிக்கு எளிது. உருண்ட கோபுரத்தில் அப்படிப் பிடித்திழுக்க மூலை இல்லை, மேலிருப்பவரின் பார்வைக்குத் தப்பும் மறைவிடமும் குறைவு.

கோபுரங்களின் உட்பக்கச் சுவர்களை, அதாவது நுழையும்போது இடமும் வலமும் வரும் பரப்புகளை, பலர் கவனிக்காமலே கடந்துவிடுகிறார்கள். அங்கே பல இதழ்களாக வெட்டப்பட்ட விளிம்பு கொண்ட குருட்டு வளைவுகள், அதாவது திறப்பில்லாத அலங்கார வளைவுகள், செதுக்கப்பட்டுள்ளன. இத்தகைய இதழ் வளைவுகள் இதற்கு முன்பே வட ஆப்பிரிக்கக் கட்டடங்களில் வழங்கியவை. எகிப்துக்கு அவை புதியவை. இந்த அலங்காரத்தால் கோட்டை வாயிலின் பாதுகாப்பு சிறிதும் அதிகரிக்காது. ஆயினும், போருக்காகக் கட்டும்போதும் கண்ணுக்கு நிறைவாக இருக்கவேண்டும் என்று அந்தக் கல்தச்சர்கள் எண்ணியிருக்கிறார்கள்.

கோபுரங்களுக்கு இடையே பெரிய வளைவு, அதில் இரும்புத் தகடு போர்த்திய இரட்டை மரக்கதவுகள். கதவைத் தாண்டினால் சதுரமான கூடம். அதன் மேலே ஆழம் குறைந்த கல் குவிமாடம் கவிந்திருக்கிறது. சதுரத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் உள்நோக்கி வளைந்து எழும் முக்கோணக் கல்பரப்புகள் மேலே வட்டமாக ஒன்று சேர்ந்து, அந்தக் குவிமாடத்தைத் தாங்குகின்றன. பைசாந்தியத் தேவாலயங்களில் பழகிய இந்த உத்தி இங்கே மதில்வாயிலின் கூரையாகியிருக்கிறது. கூடத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால், கல்வரிசைகள் வட்டவட்டமாகச் சுருங்கி உச்சியில் முடியும் ஒழுங்கு தெளிவாகத் தெரியும். முன்பக்கக் கோபுரங்களைவிட எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் கூரைதான்.

நுழைவுப் பாதை ஏன் வளைவில்லாமல் நேராக இருக்கிறது? அது பாதுகாப்புக் குறைவல்லவா?

இது மிகவும் நல்ல கேள்வி; மக்ரீஸீக்கும் இதே ஐயம் எழுந்திருக்கிறது. கோட்டை வாயில்களில், எதிரியின் குதிரைப்படை ஒரே பாய்ச்சலில் உள்ளே புகாதபடி பாதையைத் திருப்பிக் கட்டுவதே வழக்கம் என்றும், பத்ர் இங்கே அப்படிச் செய்யவில்லை என்றும் அவர் குறிப்பிடுகிறார். அதற்குப் பதிலாக வாயிலின் முன்னே பெரிய கருங்கற்பலகைகளைச் சரிவாகப் பதித்து ஒரு வழுக்குத்தளம் அமைத்திருந்தார்கள். பாய்ந்து வரும் குதிரைகளின் குளம்பு அதில் ஊன்றாது என்பதே நோக்கம்.

சந்தைக்கு வரும் கழுதைகளும் ஒட்டகங்களும் ஊர்வலங்களும் ஒவ்வொரு நாளும் கடக்கவேண்டிய பாதை இது. திருப்பம் வைத்திருந்தால் நகரின் முதன்மைத் தெருவே அடைபட்டிருக்கும். பாதையை நேராக விட்டுவிட்டுத் தரையை மட்டும் வழுக்கலாக்கியது, வணிகத்துக்கும் காவலுக்கும் இடையே கண்ட சமரசம் என்றே நான் புரிந்துகொள்கிறேன். மெதுவாக நடப்பவருக்குத் தடையில்லை. விரைந்து பாய்பவருக்கே ஆபத்து.

அந்த வழுக்குத்தளம் நீண்டகாலம் இருந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அய்யூபி சுல்தான் அல்-காமில் அவ்வழியே சென்றபோது அவருடைய குதிரையே அதில் சறுக்கிவிட, அதைப் பெயர்த்தெறிய அவர் ஆணையிட்டார் என்றும், சிறிதளவே எஞ்சியது என்றும் மக்ரீஸீ எழுதுகிறார்.

இந்த வாயில் போரைச் சந்தித்திருக்கிறதா?

1168-இல் ஜெரூசலத்தின் சிலுவைப்போர் மன்னர் அமால்ரிக் கெய்ரோவை முற்றுகையிட்டார்; வஸீர் ஷாவர் பெரும் பணம் தருவதாகப் பேசிக் காலம் கடத்த, சிரியாவிலிருந்து துணைப்படை வரவே அமால்ரிக் திரும்பிச் சென்றார். அடுத்த ஆண்டு, ஸலாஹுத்தீன் வஸீரானபோது ஃபாத்திமிகளின் கறுப்பினப் படைவீரர்கள் அவருக்கு எதிராகக் கிளர்ந்தனர். வாயிலுக்கு வெளியே இருந்த அவர்களுடைய குடியிருப்பை ஸலாஹுத்தீன் தீக்கிரையாக்கி அந்தக் கிளர்ச்சியை அடக்கினார். 1176-இல் அவர் கெய்ரோவையும் பழைய ஃபுஸ்தாத்தையும் மலைக்கோட்டையையும் ஒரே மதிலால் சூழும் பெரும்பணியைத் தொடங்கினார். தெற்கே புறநகர் பெருகப் பெருக, பாப் ஸுவைலா எல்லை வாயில் என்ற நிலையிலிருந்து நகரின் நடுவே நிற்கும் வாயிலாக மாறியது. அதன் பிந்தைய வரலாறு முழுவதும் இந்த நிலைமாற்றத்தின் விளைவே.

மரண தண்டனைகளோடு இந்த வாயிலின் பெயர் இணைந்தது ஏன்?

அடிமைப் படைவீரர்களாக வந்து ஆட்சியைப் பிடித்த மம்லூக்குகளின் காலத்தில் ஆட்சிபீடம் தெற்கே மலைக்கோட்டையில் இருந்தது. சந்தைகளும் மக்கள் கூட்டமும் வடக்கே பழைய நகரில் இருந்தன. இரண்டையும் இணைக்கும் பாதை இந்த வாயில் வழியாகச் சென்றது. சுல்தானின் வெற்றி ஊர்வலமும், ஹஜ் பயணத்துக்கு முன் வலம் வரும் மஹ்மல் பல்லக்கும் இதன் கீழேதான் கடந்தன. எல்லோரும் காணவேண்டும் என்று அரசு விரும்பிய எதற்கும் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தண்டனைகளும் அவற்றுள் அடங்கின.

1260-இல் மங்கோலியத் தலைவர் ஹுலாகு, சரணடையச் சொல்லி அனுப்பிய தூதர்களைச் சுல்தான் குதுஸ் கொல்லச் செய்தார். நகரின் வெவ்வேறு இடங்களில் அவர்கள் கொல்லப்பட்டு, தலைகள் பாப் ஸுவைலாவில் தொங்கவிடப்பட்டன. சமாதானத்துக்கு இனி இடமில்லை என்பதைத் தம் மக்களுக்கே அறிவித்த செயல் அது. அதே ஆண்டு செப்டம்பரில் அய்ன் ஜாலூத் போரில் மங்கோலியப் படை தோற்றது.

1517-இல் நடந்தது இன்னும் துயரமானது. உதுமானிய சுல்தான் முதலாம் ஸலீமிடம் ரைதானிய்யா போரில் தோற்ற பிறகும் விடாமல் போராடிய கடைசி மம்லூக் சுல்தான் தூமான் பாய், அடைக்கலம் தேடிச் சென்ற இடத்தில் காட்டிக்கொடுக்கப்பட்டு, ஏப்ரல் மாதம் இந்த வாயிலுக்குக் கொண்டுவரப்பட்டார். அந்நாளில் கெய்ரோவில் வாழ்ந்த வரலாற்றாசிரியர் இப்னு இயாஸ் அதைப் பதிவு செய்திருக்கிறார். சுற்றி நின்ற மக்களிடம் தமக்காகக் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹா ஓதும்படி தூமான் பாய் கேட்டுக்கொண்டார். தூக்குக்கயிறு இரண்டு முறை அறுந்து விழுந்த பிறகே அவர் உயிர் பிரிந்தது. உடல் மூன்று நாள் அங்கேயே தொங்கியது.

வாயிலின் மேல் இரட்டை மினாராக்கள் (பள்ளிவாசல் கோபுரங்கள்) ஏன் நிற்கின்றன?

அவை வாயிலுக்கு உரியவை அல்ல. வாயிலை ஒட்டி உட்புறம் அமைந்த சுல்தான் அல்-முஅய்யத் ஷைக்கின் பள்ளிவாசலுக்கு உரியவை. அந்த இடத்தில் முன்பு ஷமாயில் என்ற கொடுஞ்சிறை இருந்தது. அமீராக இருந்த காலத்தில் அதில் அடைபட்டு, பேனும் தெள்ளும் மொய்க்க அவதிப்பட்ட முஅய்யத், தாம் ஆட்சிக்கு வந்தால் அதை இடித்துப் பள்ளிவாசலும் கல்விக்கூடமும் கட்டுவதாக நேர்ந்துகொண்டாராம். 1412-இல் சுல்தானானார், 1415-இல் கட்டுமானம் தொடங்கியது. சுல்தான் ஹஸன் பள்ளிவாசலின் புகழ்பெற்ற வெண்கலக் கதவுகளைக் கழற்றிவந்து இங்கே பொருத்தினார். அவை இன்றும் இங்கேயே இருக்கின்றன.

பத்ரின் கெட்டியான கோபுரங்களை அடித்தளமாகக் கொண்டு மினாராக்களை எழுப்பலாம் என்று தோன்றியது அருமையான யோசனை. முற்றுகையைத் தாங்குவதற்காக நிரப்பிய கல்திரள் மூன்று நூற்றாண்டுக்குப் பின் வேறொரு சுமைக்குப் பயன்பட்டது. தொடக்கத்தில் சிக்கல் இல்லாமலும் இல்லை. முதலில் எழுப்பிய மினாரா ஒன்று சாயத் தொடங்கவே, அதை இடிக்க நேர்ந்தது. கல் விழும் என்ற அச்சத்தால் ஏறத்தாழ ஒரு மாதம் வாயில் மூடிக்கிடந்தது. நகரம் உண்டான நாள் முதல் இப்படி நடந்ததில்லை என்றார்கள்.

அந்தச் சாய்வு நகரின் அறிஞர்களிடையே ஒரு புகழ்பெற்ற கவிதைச் சண்டையையும் மூட்டியது. ஹதீஸ் மேதை இப்னு ஹஜர் அல்-அஸ்கலானீ, மினாராவைச் சாய்த்தது கண்ணேறுதான் என்று பாடினார். கண்ணைக் குறிக்கும் அரபுச் சொல் அவருடைய போட்டியாளர் அல்-அய்னீயின் பெயரிலும் இருப்பதால் அடி எங்கே விழுந்தது என்பது எல்லோருக்கும் புரிந்தது. கண்ணேறு அல்ல, கல்லின் மட்டமான தரமே காரணம் என்று அல்-அய்னீ திருப்பிப் பாடினார். ஹஜர் என்றால் கல். இப்போது நிற்கும் மினாராக்களில் கட்டுநர் முஹம்மத் இப்னு அல்-கஸ்ஸாஸின் பெயரும், 1419–20-க்கு ஒத்த ஹிஜ்ரி ஆண்டுகளும் பொறிக்கப்பட்டுள்ளன. இடைக்காலக் கெய்ரோவில் கட்டுநர் தம் பெயரைப் பொறித்தது அரிது.

கெய்ரோ மக்கள் இதைப் ‘பவ்வாபத் அல்-முத்தவல்லி’ என்று அழைப்பது ஏன்?

இறைநேசர்களுள் தலைமை நிலையில் இருப்பவராக மக்கள் நம்பிய குத்பு அல்-முத்தவல்லி, கண்ணுக்குத் தெரியாமல் இந்த வாயிலில் தங்குகிறார் என்ற நம்பிக்கை நெடுங்காலம் நிலவியது. 1830-களில் கெய்ரோவில் வாழ்ந்த ஆங்கிலேய அறிஞர் எட்வர்ட் லேன் தாம் கண்டவற்றை எழுதிவைத்திருக்கிறார். கடந்து செல்பவர்கள் நின்று ஃபாத்திஹா ஓதுவார்கள். தலைவலிக்காரர்கள் கதவில் ஆணி அடிப்பார்கள். பல்வலிக்காரர்கள் பிடுங்கிய பல்லைக் கதவின் இடுக்கில் செருகுவார்கள். தூக்கு மேடையாக அஞ்சப்பட்ட அதே இடம் நோய் தீர்க்கும் இடமாகவும் இருந்தது. எளிய மக்களின் இந்த நேர்ச்சைகளைச் சுல்தான்களின் கல்வெட்டுகளுக்கு இணையான வரலாற்றுச் சான்றாகவே கருதவேண்டும்.

அண்மைக்காலத்தில் புதுப்பிக்கப்பட்டதா?

ஆம். எகிப்தில் இயங்கும் அமெரிக்க ஆய்வு மையம், எகிப்தியத் தொல்பொருள் துறையோடு சேர்ந்து 1998 முதல் 2003 வரை இப்பணியைச் செய்தது. நூற்றாண்டுகளாகத் தெரு மட்டம் உயர்ந்துகொண்டே வந்ததால் பெருங்கதவுகளின் அடிப்பகுதி மண்ணில் புதைந்து, அவை அசையாமல் திறந்தபடியே நின்றுவிட்டன. மண்ணை அகற்றி, ஒவ்வொன்றும் சில டன் எடையுள்ள கதவுகளைச் சீராக்கி, மீண்டும் சுழலச் செய்தார்கள். அல்-காமிலின் ஆணைக்குத் தப்பிய வழுக்குத்தளத்தின் எச்சமும், மக்கள் செருகிவைத்த பற்கள் உள்ளிட்ட நேர்ச்சைப் பொருள்களும் அப்போது வெளிப்பட்டன. பழைய கெய்ரோ 1979 முதல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் உள்ளது.

மற்ற இரண்டு வாயில்களிலிருந்து இது எவ்வாறு வேறுபடுகிறது?

பாப் அல்-நஸ்ரின் கோபுரங்கள் சதுரமானவை. முகப்பில் கேடயங்களும் வாள்களும் செதுக்கப்பட்டுள்ளன. நபிகளாரின் மருமகன் அலீயை இறைநேசராகச் சாட்சி கூறும் ஷீஆக் கலிமா (நம்பிக்கை வாசகம்), கூஃபி என்ற கோணலான பழைய அரபு எழுத்தில் இன்றும் அங்கே அழியாமல் இருக்கிறது. பாப் அல்-ஃபுதூஹ் உருண்ட கோபுரங்களாலும் குவிமாடத்தாலும் பாப் ஸுவைலாவுக்கு நெருங்கியது. வடக்கு வாயில்கள் இரண்டுக்கும் பத்ர் சூட்டிய அல்-இஸ், அல்-இக்பால் என்ற பெயர்களை மக்கள் ஏற்கவில்லை. பழைய பெயர்களே நிலைத்தன. 1798-இல் வந்த நெப்போலியனின் படை வடக்கு வாயில்களைத் தன் காவலரண்களாக்கி, பாப் அல்-நஸ்ரின் கோபுரங்களில் பிரெஞ்சுப் பெயர்களைப் பொறித்தது.

நேரில் செல்பவர் எதைப் பார்க்கவேண்டும்?

முதலில் தெற்கே, ஸாலிஹ் தலாயிஉ பள்ளிவாசலின் பக்கமாகச் சென்று, வெளியிலிருந்து வாயிலின் முழு முகப்பையும் பாருங்கள். 1160-இல் கட்டப்பட்ட அந்தப் பள்ளிவாசல் ஃபாத்திமி காலத்தின் கடைசிப் பெரும் பள்ளிவாசல். அருகிலேயே, பதினேழாம் நூற்றாண்டில் ரிள்வான் பே அமைத்த கூரையிட்ட சந்தையில், கூடாரத் துணிகளில் வண்ணத்துண்டு வைத்துத் தைக்கும் கய்யாமிய்யா கைவினைஞர்கள் இன்றும் கடை வைத்திருக்கிறார்கள். பிறகு வாயிலுக்குள் நுழையும்போது இருபுறமும் இதழ் வளைவுகளையும், கூடத்தில் நின்று மேலே குவிமாடத்தையும் பாருங்கள். அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு கோபுரத்தின் மேல்தளத்துக்கும் அங்கிருந்து மினாராவுக்கும் ஏறலாம். படிகள் குறுகலானவை, வெளிச்சம் குறைவு. முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்தளத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அங்கிருந்தே வடக்கே முஇஸ் தெருவின் மினாரா வரிசையும், தென்கிழக்கே மலைக்கோட்டையும் தெளிவாகத் தெரியும். காலை வேளையில் தெற்கு முகப்பில் பக்கவாட்டாக வெயில் விழும்போது, கல் இணைப்புகளையும் வளைவுகளின் செதுக்கலையும் நன்றாகக் காணலாம்.